டோபமின், எதிர்பார்ப்பு, ஏமாற்றம்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் பிசியாலஜி பாடம் எடுக்குறவன். மூளை பத்தி கிளாஸ் எடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த டோபமின் சந்தேகம் மட்டும் விடாம தொரத்துது. பசங்க காரிடார்ல நிறுத்தி கேப்பாங்க, கல்யாண பந்தியில பக்கத்து இலைக்காரர் கேப்பார், ஒரு தடவை ரயில்ல மேல் பெர்த்லேர்ந்து தலைய நீட்டி ஒருத்தர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லி அலுத்துப்போச்சு, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு இங்க எழுதி வைக்கிறேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்றது முன்னாடி சொன்னத புடிச்சுக்கிட்டுதான் நிக்கும்.

சார், டோபமின்னா சந்தோஷ ஹார்மோன் தானே?

இல்ல. மூளைல சில நியூரான்கள், அதாவது நரம்பு செல்லுங்க, ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்ப வெளிய விடற ஒரு ரசாயனம் அது. இந்த சந்தோஷ நெனப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1954ல கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டியில ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர்னு ரெண்டு பேரு எலி மூளைக்குள்ள மெல்லிசா கம்பி சொருகி, எலி ஒரு லீவர அமுக்குனா அந்த எடத்துல லேசா கரண்ட் பாயற மாதிரி பண்ணாங்க. சில எடத்துல கம்பி இருந்தப்ப எலி வேற வேலையே இல்லாம லீவரையே அமுக்கிட்டு கெடந்துச்சு. உடனே "இன்ப மையம் கெடச்சிருச்சு"ன்னு பேச்சு கெளம்பிருச்சு, அப்புறம் டோபமின் நரம்புங்க அந்த வழியாத்தான் போகுதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பேரு இதுமேல ஒட்டிக்கிச்சு.

ஆனா பின்னாடி மிச்சிகன் யூனிவர்சிட்டியில கென்ட் பெரிட்ஜ் கூட்டத்தார் டோபமின் கிட்டத்தட்ட துடைச்சு எடுக்கப்பட்ட எலியோட வாயில சக்கரத்தண்ணிய விட்டு பாத்தாங்க. அது நல்லா நாக்க சப்புக்கொட்டி ரசிக்குது. ஆனா அதே எலி முன்னாடி சாப்பாட்ட வெச்சா தானா நகந்து போய் சாப்பிடல. அப்ப "நல்லாருக்கு"ங்கறது வேற, "வேணும்"ங்கறது வேற. டோபமின் ரெண்டாவது கட்சி.

அப்ப அது என்னதான் சார் பண்ணுது?

கணக்கு பாக்குது. இத கண்டுபுடிச்சதுல பெரிய பங்கு வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸுக்கு, சுவிட்சர்லாந்துல ஃப்ரிபோர்க்ல இருந்தப்ப குரங்கு மூளைக்குள்ள மெல்லிசா கம்பி விட்டு டோபமின் நியூரான்கள ஒவ்வொண்ணா ஒட்டுக்கேட்டவர். குரங்கு எதிர்பாக்காத நேரத்துல ஒரு சொட்டு ஜூஸ் வாயில விழுந்துச்சுன்னா அந்த நியூரான்கள் படபடன்னு வெடிக்குது, அதாவது கரண்ட் துடிப்ப வேகவேகமா அடிக்குது. சரி, ஜூஸ் வந்தா வெடிக்கும்னு வெச்சுக்குவோம். இப்ப ஜூஸுக்கு முன்னாடி ஒரு வெளக்கு எரியற மாதிரி பண்ணி பல தடவை பழக்குனா, வெடி வெளக்குக்கு தாவிருது. அதே ஜூஸ், அதே ருசி, ஆனா ஜூஸ் வர்றப்ப நியூரான் கண்டுக்கவே மாட்டேங்குது. மூணாவதா, வெளக்க போட்டுட்டு ஜூஸ் குடுக்காம விட்டா, சரியா ஜூஸ் வர வேண்டிய அந்த நேரத்துல நியூரான் வாய மூடிக்கிது.

இந்த மூணையும் சேத்து பாருங்க. எதிர்பாத்ததுக்கு மேல கெடச்சா ஏறுது, எதிர்பாத்ததே கெடச்சா சும்மா இருக்கு, கொறஞ்சா இறங்குது. கெடச்சதுக்கும் எதிர்பாத்ததுக்கும் உள்ள வித்தியாசம் தான் அது சொல்ற சேதி. இத கணிப்புப் பிழைன்னு சொல்றோம். ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூணு பேரும் சேந்து 1997ல இத எழுதுனாங்க, அதுக்கப்புறம் இந்தத் துறையே வேற மாதிரி ஆயிருச்சு. 2017ல ஷுல்ட்ஸ், டயான், ரே டோலன் மூணு பேருக்கும் பிரெய்ன் பிரைஸ் குடுத்தாங்க.

மூளைக்குள்ள கம்பி விட்டா குரங்குக்கு வலிக்காதா?

மூளைத் திசுவுக்குள்ள வலி உணர்ற நரம்பு முனை கெடையாது, அதனாலதான் மனுஷங்களுக்கே முழிச்சிருக்கப்ப மூளை ஆபரேஷன் பண்ண முடியுது. மண்டை ஓட்டுல வழி பண்றது மயக்க மருந்து குடுத்துத்தான். அதுக்காக இதுல தார்மீக கேள்வியே இல்லன்னு நான் சொல்ல வரல, இருக்கு, கிளாஸ்ல அதப் பத்தி தனியா ஒரு நாள் சண்டை போடுவோம்.

இந்த நியூரான்லாம் மூளைல எங்க இருக்கு? நெறய இருக்குமா?

நடுமூளையில, ரெண்டு பக்கத்து எடத்துல. ஒண்ணு சப்ஸ்டான்ஷியா நைக்ரா, வெட்டிப் பாத்தா வெறும் கண்ணுக்கே கருப்பா தெரியும், பேரோட அர்த்தமும் "கருப்பு வஸ்து"தான். இன்னொண்ணு அதுக்கு ஒட்டுனாப்ல இருக்குற வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா. மொத்த மூளைல சுமார் 8,600 கோடி நியூரான்னா அதுல டோபமின் நியூரான் நாலுலேர்ந்து ஆறு லட்சம்தான் வரும். ஆனா ஒவ்வொண்ணும் மேல ஆலமரம் மாதிரி கெளை விட்டு, மூளையோட உள்பக்கம் இருக்குற ஸ்ட்ரையாட்டம்ங்கற பகுதி பூரா பரவியிருக்கும், அதனால இந்த சின்ன கும்பல் ஒரு செகண்ட் கத்துனாலும் ஊருக்கே கேக்கும்.

கணக்குன்னு சொல்றீங்களே, கணக்கு போட்டே காட்டுங்க பாப்போம்.

காட்றேன். 1972ல ராபர்ட் ரெஸ்கார்லா, ஆலன் வாக்னர்னு ரெண்டு பேரு எழுதுனது, டோபமினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்ப யாரும் நெனைக்கல. புது எதிர்பார்ப்பு என்னன்னா, பழைய எதிர்பார்ப்போட, கெடச்சதுக்கும் எதிர்பாத்ததுக்கும் உள்ள வித்தியாசத்துல ஒரு பங்க சேத்துக்கிறது. அவ்ளோதான்.

ஜூஸோட மதிப்பு 100ன்னு வைங்க, வித்தியாசத்துல பாதிய சேத்துக்கிறோம்னு வைங்க. மொத தடவ வெளக்கு எரியுது, எதிர்பார்ப்பு 0, ஜூஸ் வருது, வித்தியாசம் 100, பாதிய சேத்தா 50. அடுத்த தடவ வித்தியாசம் 50 தான், எதிர்பார்ப்பு 75. அப்புறம் 87.5. போகப் போக வித்தியாசம் சுருங்கி கத்துக்கிறதும் நின்னுரும், ஏன்னா ஆச்சரியப்பட ஒண்ணும் மிச்சமில்ல. பாதிங்கறது நான் சுலபத்துக்காக எடுத்தது. நெஜத்துல பங்கு சின்னதா இருந்தா நிதானமா கத்துக்கும், பெருசா இருந்தா போன தடவ நடந்ததுக்கே தலைகீழா மாறிட்டு கெடக்கும்.

இதே கணக்க கம்ப்யூட்டர்லயும் போடறாங்களாமே?

ஆமா. ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ ரெண்டு பேரும் இதே யோசனைய ஒவ்வொரு நொடிக்கும் ஓடற மாதிரி நீட்டி மெஷினுக்கு சொல்லிக் குடுத்தாங்க, டெம்பரல் டிஃபரன்ஸ்னு பேரு. வெடி ஜூஸ்லேர்ந்து வெளக்குக்கு ஏன் தாவுதுன்னு ரெஸ்கார்லா கணக்குல சரியா சொல்ல முடியாது, இதுல முடியும். ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது 2024க்கு கெடச்சுது. கம்ப்யூட்டர்காரங்க எழுதுன சூத்திரம் குரங்கு மூளைல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கறது எனக்கு இன்னிக்கும் சிலிர்க்குற விஷயம்.

சரி, வெளக்கு எரிஞ்சாலும் பாதி நேரம் ஜூஸ் வரலைன்னா? அப்ப மூளை என்ன நம்பும்?

பாதி நம்பும், சும்மா சொல்லல, அளந்து பாத்திருக்காங்க. கிறிஸ்டோஃபர் ஃபியோரில்லோ, ஃபிலிப் டோப்ளர், ஷுல்ட்ஸ் மூணு பேரும் 2003ல அஞ்சு வேற வேற படம் வெச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய்ப்பு குடுத்தாங்க: 0, 25, 50, 75, 100 சதவீதம். படம் வந்தப்ப வந்த வெடி வாய்ப்புக்கு தகுந்த மாதிரி படிப்படியா பெருசாச்சு. ஜூஸ் வந்தப்ப வந்த வெடி அதுக்கு நேர் எதிரா, வாய்ப்பு கம்மியான படத்துக்கு பெருசு, 100 சதவீத படத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. மேல போட்ட கணக்கு தான் அப்படியே வருது.

கூடவே எதிர்பாராத ஒண்ணும் தெரிஞ்சுது. படத்துக்கும் ஜூஸுக்கும் நடுவுல இருக்குற ரெண்டு செகண்ட்ல நியூரான் மெதுவா மேல ஏறிட்டே போச்சு, அதுவும் 50 சதவீத படத்துக்குத்தான் ரொம்ப. 0க்கும் 100க்கும் அது இல்ல, ஏன்னா அங்க சந்தேகமே இல்ல. அப்ப நிச்சயமின்மைக்கே மூளை தனியா ஒரு சிக்னல் வெச்சிருக்கான்னு கேள்வி வந்துச்சு.

அதான் சீட்டாட்டம், ஆன்லைன் ரம்மிலாம் விட முடியலையா?

இந்தக் கேள்வி எப்பவும் முந்தின பதில முடிக்கறதுக்குள்ள வந்துரும். ஃபியோரில்லோ பேப்பர்லயே அந்த மாதிரி ஒரு யோசனை சொல்லியிருந்தாங்க. ஆனா யேல் நிவ், மைக்கேல் டஃப், பீட்டர் டயான் 2005ல வந்து, அது தனி சிக்னலே இல்ல, சில தடவ மேல சில தடவ கீழன்னு வர்ற கணிப்புப் பிழைகள பல தடவைக்கும் சேத்து சராசரி எடுத்ததால ஏறுற மாதிரி தெரியுதுன்னு வாதாடுனாங்க. இறங்கறதுக்கு எடம் கம்மி, ஏறறதுக்கு எடம் ஜாஸ்தி, அதனால சராசரி மேல சாயுது. ரெண்டு பக்கமும் ஆளு இருக்காங்க.

சூதாட்டத்த வெளக்க எனக்கு அந்த ஏறுமுகம் தேவையும் இல்ல. எப்பவாவது ஜெயிக்கற ஆட்டத்துல எதிர்பார்ப்பு என்னிக்குமே முழுசாகாது, அதனால ஒவ்வொரு ஜெயிப்பும் புது ஆச்சரியமாவே வந்து விழும். சம்பளம் மாசாமாசம் வருது, யாரும் குதிக்கறதில்ல. அரியர் திடீர்னு வந்தா ஸ்வீட் வாங்குறோம்.

சார், எனக்கு வேற சந்தேகம். வெளக்கு எரிஞ்சுதா இல்லையான்னே சரியா தெரியலைன்னா?

இத கேட்ட பொண்ணுக்கு நான் அன்னிக்கு டீ வாங்கி குடுத்தேன், ஏன்னா இது மேல சொன்னதுலேர்ந்து வேற சரக்கு. இதுவரைக்கும் சந்தேகம் உலகத்துல இருந்துச்சு: படம் தெளிவா தெரியுது, ஜூஸ் வருமான்னுதான் தெரியல. இப்ப சந்தேகம் நம்ம கண்ணுலயும் காதுலயும் இருக்கு. ராத்திரி ஒம்பது மணிக்கு தெருக்கோடில மணிச்சத்தம் கேக்குது. சோன்பப்டி வண்டியா, இல்ல கோயில் மணியா? ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, சரியா கேக்கல.

மூளை ரெண்டுல ஒண்ண கண்ண மூடிட்டு முடிவு பண்றதில்ல, ரெண்டையும் கைல வெச்சுக்கிட்டு எடை போடுது. சத்தத்த வெச்சு 70 சதவீதம் சோன்பப்டி, 30 சதவீதம் கோயில்னு தோணுதுன்னு வைங்க, சோன்பப்டிக்கு மதிப்பு 10, கோயில் மணிக்கு (நாக்கு கணக்குல மட்டும், கோச்சுக்காதீங்க) 2. அப்ப எதிர்பார்ப்பு 7ம் 0.6ம் சேத்து 7.6. அந்த 70ங்கற நம்பரே காது மட்டும் குடுத்தது இல்ல, தெனமும் ஒம்பது மணிக்குத்தான் வண்டி வரும்ங்கற பழக்கமும் சேந்து குடுத்தது. அதே சத்தம் காலைல ஆறு மணிக்கு கேட்டா யாரும் சில்லறை தேட மாட்டோம்.

அப்ப டோபமின் ஒப்பிட்டு பாக்குறது உலகத்துல நெஜமா என்ன இருந்துச்சுங்கறதோட இல்ல, நம்ம மூளை என்ன இருந்துச்சுன்னு நம்புச்சுங்கறதோட. இந்த ஒரு வரி புரிஞ்சுட்டா மிச்ச கேள்வியெல்லாம் சுலபம்.

கேக்க நல்லாருக்கு, ஆனா நியூரான்ல இத யாராச்சும் பாத்திருக்காங்களா?

பாத்திருக்காங்க. மெக்சிகோவுல விக்டர் டி லாஃபுவென்டே, ரனுல்ஃபோ ரோமோ 2011ல வெளியிட்டது: குரங்கோட விரல் நுனியில ரொம்ப லேசா ஒரு அதிர்வு குடுப்பாங்க, இருந்துச்சா இல்லையான்னு குரங்கு சொல்லணும், சரியா சொன்னா ஜூஸ். அதிர்வு அவ்ளோ மெல்லிசுங்கறதால சில தடவ உணரும், சில தடவ கோட்டை விட்டுரும். உணர்ந்த தடவைல டோபமின் நியூரான் பதில் குடுத்துச்சு, கோட்டை விட்ட தடவைல குடுக்கல. விரல்ல பட்டது அதே அதிர்வுதான். குரங்குக்கு தோணுனததான் நியூரான் கணக்குல எடுத்துக்குது.

இன்னொண்ணு இதவிட நுணுக்கம். டோக்கியோ பக்கம் தமாகவா யூனிவர்சிட்டியில மாசாமிச்சி சகாகாமி லேப்ல குரங்குக்கு ஸ்கிரீன்ல நெறய புள்ளி காட்டுனாங்க, கொஞ்சம் புள்ளி மட்டும் ஒரே பக்கமா ஓடும், மிச்சது கண்டபடி சிதறும், எந்தப் பக்கம் ஓடுதுன்னு குரங்கு சொல்லணும். அந்த ரெக்கார்டிங்க அர்மின் லாக்கும் கூட்டாளிங்களும் மறுபடி அலசி 2017ல சொன்னது என்னன்னா, புள்ளிய பாக்கறப்ப வர்ற நியூரானோட பதில், சரியா சொன்ன தடவைல புள்ளி தெளிவாக ஆக ஏறுது, தப்பா சொன்ன தடவைல புள்ளி தெளிவாக ஆக பதில் இறங்குது. யோசிச்சு பாருங்க, சுலபமான கேள்விய தப்பா சொன்னோம்னா அன்னிக்கு உள்ள சரியா பதியலன்னு அர்த்தம், அப்ப "சரியாத்தான் சொன்னோம்"ங்கற உறுதியும் கம்மியாத்தான் இருக்கும். கடைசில முடிவு தெரியறப்ப இது தலைகீழ்: உறுதி கம்மின்னா ஆச்சரியம் ஜாஸ்தி, அதனால குழப்பமான புள்ளிய சரியா சொல்லி ஜெயிச்சப்பதான் வெடி பெருசு. கணிதப் பரீட்சைல தெரியாத கணக்க குருட்டாம்போக்குல போட்டு மார்க் வாங்குனவனுக்கு இது புரியும்.

மிருகத்துக்கு "எனக்கு உறுதியா தெரியல"ன்னுலாம் தோணுமா? நீங்களா சொல்றீங்களா?

வாயால கேக்க முடியாது, ஆனா எவ்ளோ நேரம் காத்திருக்குன்னு பாக்கலாம். 2008ல நியூயார்க்ல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் லேபரட்டரில ஆடம் கெபெக்ஸ், சக்கரி மெய்னன், கூட ரெண்டு பேரு எலிக்கு ரெண்டு வாசனைய கலந்து குடுத்து, எது ஜாஸ்தியோ அதுக்கு தகுந்த மாதிரி எடப்பக்கமோ வலப்பக்கமோ போகச் சொன்னாங்க. போன எடத்துல பரிச உடனே குடுக்காம தாமதிச்சாங்க. கலவை பாதிக்குப் பாதியா இருந்தா எலி சீக்கிரமே வெறுத்துப்போய் கெளம்பி வந்து புதுசா ஆரம்பிக்குது. கண்ணுக்கு மேல இருக்குற ஆர்பிட்டோஃப்ரான்டல் பகுதியில சில நியூரான்கள் இந்த சந்தேகத்த பரிசு வர்றதுக்கு முன்னாடியே காட்டுச்சு. நாம ஒரு கடைல "மாஸ்டர் உள்ள வராரு, ரெண்டு நிமிஷம்"னு சொன்னா எவ்ளோ நேரம் நிப்போம்? கடை சரியான கடைதான்னு உறுதியா தெரிஞ்சாத்தான் நிப்போம்.

பஸ்ஸுக்கு நிக்கறப்ப நேரம் ஆக ஆக இப்ப வந்துரும்னும் தோணுது, இனிமே வராதுன்னும் தோணுது. இதுக்கும் ஏதாச்சும் ஆராய்ச்சி இருக்கா?

நம்ப மாட்டீங்க, கிட்டத்தட்ட இதையே செஞ்சிருக்காங்க. ஹார்வர்ட்ல கிளாரா ஸ்டார்க்வெதர், நவோஷிகே உச்சிடா, சாமுவேல் கெர்ஷ்மன் கூட்டம், 2017. சுண்டெலிக்கு ஒரு வாசனை வரும், அப்புறம் தண்ணி. ஆனா எப்ப வரும்னு நிச்சயம் கெடையாது, 1.2 செகண்ட்லேர்ந்து 2.8 செகண்டுக்குள்ள எப்ப வேணா வரும். ஒரு குழுவுக்கு வாசனை வந்தா தண்ணி கட்டாயம் உண்டு. இன்னொரு குழுவுக்கு 90 சதவீதம் தான் உண்டு, பத்துல ஒரு தடவ வராமலே போயிரும்.

மொத குழுவ பாருங்க. கட்டாயம் வரும்னு தெரியும், இன்னும் வரல, அப்ப இதோ இப்ப வந்தாகணும். நேரம் ஆக ஆக எதிர்பார்ப்பு ஏறுது, அதனால லேட்டா வந்த தண்ணிக்கு ஆச்சரியம் கம்மி, டோபமின் வெடியும் கம்மி. டிப்போலேர்ந்து பஸ் கெளம்பிருச்சுன்னு ஃபோன்ல உறுதியா தெரிஞ்சவன் கதை இது, அது வளைவுல திரும்பறப்ப அவன் துள்ளிக் குதிக்க மாட்டான்.

ரெண்டாவது குழுவுக்கு வித்தியாசம் வெறும் பத்து சதவீதம் தான், ஆனா கதை தலைகீழ். நேரம் ஆக ஆக "ஓ, இது அந்த வராத தடவை போலருக்கு"ங்கற நெனப்பு வளருது. எதிர்பார்ப்பு இறங்குது. கடைசில தண்ணி வந்தா ஆச்சரியம் ஜாஸ்தி, வெடி பெருசு. ஸ்ட்ரைக்கோ என்னமோன்னு ஷேர் ஆட்டோவ கைகாட்டப் போறப்ப டவுன் பஸ் வந்து நின்னா வர்ற சந்தோஷம் இருக்கே, அது. ரெண்டு குழுவுக்கும் வாசனை, தண்ணி, நேர இடைவெளி எல்லாம் ஒண்ணுதான். கண்ணுக்குத் தெரியாத நெலமை ஒண்ண, அதாவது "வரப்போற தடவையா, வராத தடவையா"ங்கறத, சுண்டெலி மூளை உள்ளுக்குள்ளயே ஊகிச்சு வெச்சிருந்தாத்தான் இப்படி எதிர் எதிரா வரும். எனக்குப் புடிச்ச சோதனை எதுன்னு கேட்டா யோசிக்காம இதத்தான் சொல்வேன்.

ரெண்டு சிக்னல் சேந்து வந்தா ரெண்டையும் கத்துக்குமா?

எப்பவும் இல்ல. லியான் காமின் 1960கள் கடைசில எலிய வெச்சு காட்டுனது: மொதல்ல சத்தத்துக்கு மட்டும் நல்லா பழக்கிட்டு, அப்புறம் சத்தமும் வெளிச்சமும் சேத்து குடுத்தா, வெளிச்சத்த எலி கிட்டத்தட்ட கத்துக்கறதே இல்ல. ஏன்னு மேல போட்ட கணக்குலயே இருக்கு, சத்தமே எல்லாத்தையும் சொல்லிட்டதால வித்தியாசம் 0, கத்துக்க ஒண்ணும் பாக்கி இல்ல. 2001ல ஷுல்ட்ஸ் லேப்ல குரங்கு நியூரான்லயும் அதே வந்துச்சு.

இதெல்லாம் கூடவே நடக்குதுன்னு தானே காட்டுது. டோபமின் தான் காரணம்னு எப்படி சொல்றது?

நல்ல கேள்வி, ரொம்ப நாளா பதில் இல்லாம இருந்துச்சு. 2013ல பாட்ரீஷியா ஜானக் லேப்ல எலிசபெத் ஸ்டெய்ன்பர்க் தலைமைல, முந்தின பதில்ல சொன்ன காமின் சோதனைய அப்படியே எடுத்து ஒரு மாத்தம் பண்ணாங்க. எலியோட டோபமின் நியூரான்ல வெளிச்சத்துக்கு வேலை செய்ற புரதத்த வெச்சு, ரெண்டாவது கட்டத்துல பரிசு வர்ற நேரம் பாத்து நீல வெளிச்சம் அடிச்சு நியூரான்கள செயற்கையா வெடிக்க வெச்சாங்க. கத்துக்கவே கூடாத ரெண்டாவது சிக்னல எலி கத்துக்கிச்சு. ஆச்சரியமே இல்லாத எடத்துல பொய்யா ஒரு ஆச்சரியத்த சொருகி பாடம் நடத்திட்டாங்க.

ஏறறது புரியுது. இறங்கறதுக்கு எடமே இல்லையே, சும்மா இருக்கப்பவே கொஞ்சம் தானே அடிக்குது?

இத ஒரு எம்டி மாணவர் கேட்டார், சரியான எடத்துல புடிச்சார். டோபமின் நியூரான் சும்மா இருக்கப்ப செகண்டுக்கு மூணு, நாலு, அஞ்சு தடவ அடிக்கும், அதுலேர்ந்து 0க்கு கீழ போக முடியாது. அதனால ஏமாற்றத்தோட அளவ எவ்ளோ ஆழமா இறங்குதுங்கறதுல காட்டறத விட எவ்ளோ நேரம் வாய மூடிட்டு இருக்குங்கறதுல காட்டுதுன்னு பேயர், லாவ், கிளிம்ச்சர் 2007ல சொன்னாங்க. அதே வருஷம் மாட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் லேட்டரல் ஹபெனுலான்னு ஒரு சின்ன பகுதி ஏமாற்றத்துக்கு ஏறி, டோபமின் நியூரான்கள அமுக்குதுன்னு காட்டுனாங்க. கெட்ட சேதிக்குன்னு தனி தபால்காரர்.

எல்லா நியூரானும் ஒரே நம்பரத்தான் சொல்லுதா?

ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சோம். 2020ல கூகுளோட ஏஐ கம்பெனியான டீப்மைண்ட் ஆளுங்களும் உச்சிடா லேபும் சேந்து எலி டேட்டாவ பாத்தப்ப, சில நியூரான் எப்பவும் நப்பாசையோட இருக்கு, பெரிய பரிசு வந்தாத்தான் "மேல"ன்னு சொல்லுது. சிலது அவநம்பிக்கை, சின்னது வந்தாலே குதிக்குது. எல்லாத்தையும் சேத்துப் படிச்சா சராசரி மட்டும் இல்லாம, எந்தெந்த பரிசு எவ்ளோ வாய்ப்புன்னு முழு பரவலும் தெரிய வருது. ஒரு வீட்ல "லாட்டரி விழும்"னு சொல்ற சித்தப்பாவும் "எதுவும் நடக்காது"ன்னு சொல்ற பெரியம்மாவும் சேந்து இருந்தாத்தான் குடும்பத்துக்கு நெலவரம் தெரியும், அந்த மாதிரி.

எங்க அப்பாவுக்கு பார்க்கின்சன், டோபமின் மாத்திரை சாப்பிடுறார். அவர் கத்துக்கறது மாறுமா?

மாறலாம். பார்க்கின்சன்ல சப்ஸ்டான்ஷியா நைக்ரா நியூரான்கள்தான் அழியுது. மைக்கேல் ஃப்ராங்க் 2004ல ஒரு சோதனை பண்ணார், ஜப்பானிய ஹிராகானா எழுத்துகள ஜோடி ஜோடியா காட்டி ஒண்ண எடுக்கச் சொல்வாங்க, ஒவ்வொரு எழுத்தும் வேற வேற சதவீதம்தான் சரியா வரும், அதாவது முழுக்க நிச்சயமில்லாத சிக்னல். மருந்து எடுக்காதப்ப நோயாளிங்க எது தப்புன்னு தவிர்க்க நல்லா கத்துக்கிட்டாங்க. மருந்து எடுத்தப்ப எது லாபம்னு தேட நல்லா கத்துக்கிட்டாங்க, தவிர்க்க கத்துக்கறது கொறஞ்சுது. மருந்து மேல ஏத்தி வெச்சிருக்கறதால இறக்கம் சரியா பதியலங்கறது அவங்க வெளக்கம், முந்தின முந்தின கேள்வியோட சேத்து பாத்துக்குங்க.

டோபமின் மாதிரியே வேலை செய்ற டோபமின் அகோனிஸ்ட் வகை மாத்திரைல சிலருக்கு சூதாட்டம், கட்டுப்பாடில்லாம செலவு பண்றதுன்னு பழக்கம் கெளம்பறதும் உண்டு. வீட்ல அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்துறது ஆபத்து.

டோபமின் டீடாக்ஸ் பண்ணா சரியாயிருமா? வாழைப்பழத்துல டோபமின் இருக்காமே?

வாழைப்பழத்துல இருக்கு, ஆனா ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போற தடுப்ப டோபமினால தாண்ட முடியாது. அதனாலதான் பார்க்கின்சனுக்கே டோபமின நேரா குடுக்காம எல்-டோபாங்கற மூலப்பொருள குடுக்கறாங்க. பழம் சாப்பிடுங்க, வேற காரணத்துக்கு. டீடாக்ஸ் விஷயம், டோபமின் விஷமும் இல்ல, தேங்கி நிக்கற அழுக்கும் இல்ல, கழுவி விட. ஃபோன ஒரு நாள் ஓரமா வெக்கறது நல்ல பழக்கம்தான், பேரு மட்டும் புருடா.

கணிப்புப் பிழைங்கறத எல்லா விஞ்ஞானியும் ஒத்துக்கிட்டாங்களா?

இல்ல. 2022ல விஜய் நம்பூதிரி லேப் வேற ஒரு கணக்க வெச்சாங்க: மூளை முன்னாடி பாத்து "இந்த சிக்னலுக்கு என்ன பரிசு வரும்"னு கேக்கறதில்ல, பரிசு வந்ததும் பின்னாடி திரும்பி "இதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு"ன்னு காரணம் தேடுதுன்னு. டோபமின் அந்தத் தேடலுக்கு எது முக்கியம்னு காட்டுதாம். சண்டை இன்னும் சூடாத்தான் போயிட்டு இருக்கு. என் கட்சி பழைய கட்சிதான், அந்த பஸ் ஸ்டாப் சோதனைய ஷுல்ட்ஸ் வழியில வெளக்கறது சுலபமா இருக்கு, ஆனா கட்சி மாற மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

எங்க வீட்டு நாய் பிஸ்கட் டப்பா சத்தம் கேட்டா ஓடி வரும். ஆணி டப்பாவ ஆட்டுனாலும் ஓடி வருது, ஆனா பாதி வழில நின்னுருது. ஏன் சார்?

டோபமின் நியூரானோட பதில்லயே ரெண்டு பாகம் இருக்கு. மேல சொன்ன தமாகவா லேப்ல நோமோட்டோ, ஷுல்ட்ஸ், சகாகாமி கூட்டம் 2010ல புள்ளி சோதனைல இத தெளிவா பிரிச்சு காட்டுனாங்க. மொதல்ல "ஏதோ வந்துச்சு"ன்னு ஒரு வேகமான வெடி, அது என்னன்னு பாக்கறதே இல்ல. அதுக்குப் பின்னாடி, கண்ணோ காதோ வேலைய முடிச்சதும், "இது இவ்ளோ மதிப்பு"ன்னு சரியான அளவோட ரெண்டாவது பாகம். எல்லாம் ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சுரும். சிக்னல் குழப்பமா இருந்தா ரெண்டாவது பாகம் சின்னதா வரும்.

நாய் விஷயத்துல யாரும் கம்பி விட்டு பாக்கல, ஆனா என் ஊகம், டப்பா சத்தம்னதும் காலு கெளம்பிருது, ஆணி சத்தத்துக்கும் பிஸ்கட் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் வராண்டா தாண்டறப்பதான் உள்ள போய் சேருது. ரெண்டு டப்பாவையும் தனித்தனியா பத்து நாள் ஆட்டிப் பாருங்க, பிஸ்கட் டப்பாவுக்கு மறக்காம பிஸ்கட் போடுங்க. நிக்கற எடம் கொஞ்சம் கொஞ்சமா அதோட படுக்கைப் பக்கம் நகரும்.